உத்தமபாளையம் கிளையின் நூறு சதவீதம்

எங்கள் கிளைக்கு இணையம் வந்த நாளில் அதை வரவேற்க அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். லைன்மேன் மோடத்தை மாட்டி, பச்சை விளக்கு எரிவதைக் காட்டி, "இனிமே உலகமே ஒங்க கைக்குள்ளதான்" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் கரண்ட் போய்விட்டது. 2008 வாக்கில் கரண்ட் போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரம் என்று இருந்தது. போகிற நேரம் மட்டும் தவறாது.

அது உரமும் பூச்சிமருந்தும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற கம்பெனி. தலைமை அலுவலகம் மும்பையில், மண்டல அலுவலகம் சென்னையில், நான் உத்தமபாளையத்தில். கம்பம் சாலையில் ஒரு பழைய கிடங்கின் முன்பக்கத்தைப் பலகை வைத்துத் தடுத்து, அதற்கு அலுவலகம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். தடுப்புக்குப் பின்னால் மருந்து டின்கள். காலையில் கதவைத் திறந்ததும் குப்பென்று வரும் நெடிக்கு மூக்கு பழகிப்போனால் நீங்கள் நிரந்தர ஊழியர் என்று அர்த்தம். எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் எம்.சி.ஏ. முடித்திருந்தேன். மார்க்கையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பில் போட்டு, இருப்பைக் கணினியில் ஏற்றி, மறுபடி பஸ் ஏறிப் போவேன். என்னோடு படித்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுத் திரிந்தார்கள். எனக்கும் கழுத்து இருந்தது. வீட்டில் மட்டும் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு வரன். வைகாசியில் முடித்துவிடலாம் என்று பேச்சு. நான் சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கம்பெனியே கூப்பிட்டு அனுப்புனா தாராளமாப் போ ஆத்தா. நாலு பேருகிட்ட நெஞ்ச நிமித்திச் சொல்லிக்கலாம். நீயா பையத் தூக்கிக்கிட்டுப் போனேன்னு வையி, அதுக்கு ஊர்ல வேற பேரு."

ஆக, கம்பெனி கூப்பிட வேண்டும், அதுவும் வைகாசிக்கு முன்னால். கிடங்கின் முன்பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுகிறவளை எந்தக் கம்பெனி கூப்பிடும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆன்லைன் டிரெய்னிங் வந்தது.

சென்னையிலிருந்து பயிற்சி அதிகாரி எல்லாக் கிளைகளையும் ஒரே நேரத்தில் போனில் சேர்த்துப் பேசினார். இனி பயிற்சி என்றால் ஓட்டலில் கூட்டம் போட்டு மத்தியானம் பிரியாணி போடுவது கிடையாது. எல்லாம் கணினியில். தீ விபத்துப் பாதுகாப்பு, வாடிக்கையாளர் உறவு, தகவல் பாதுகாப்பு, நேர மேலாண்மை என்று நான்கு பாடங்கள். மேனேஜர் முதல் டிரைவர் வரை ஒவ்வொருவரும் தன் லாகினில் நுழைந்து, பார்த்து, கேட்டு, கடைசியில் தேர்வு எழுதித் தீபாவளிக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர். "எந்தக் கிளை முதலில் நூறு சதவீதம் முடிக்கிறதோ, அந்த ஒருங்கிணைப்பாளரைச் சென்னைப் பயிற்சித் துறைக்கு எடுத்துக்கொள்வதைப் பரிசீலிப்போம்" என்றார்.

பரிசீலிப்போம் என்ற சொல்லை நான் கேட்கவே இல்லை. எடுத்துக்கொள்வோம் என்பது மட்டும் காதில் விழுந்தது. மேனேஜர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "யாரப் போடலாம்?" என்று கேட்பதற்குள் என் கை மேலே இருந்தது.

முதல் நாள் எல்லோரையும் கணினி முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். திரையில் கோட்டுப் போட்ட ஒரு கார்ட்டூன் பெண்மணி வந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. ஆங்கிலத்தில் மெதுவாக, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் பேசினார்.

வேன் டிரைவர் அண்ணன் குனிந்து பார்த்தார். குமுளி வரைக்கும் ஏலத்தோட்டங்களுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர். பேச்சில் ரெண்டு மலையாளச் சொல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். "யாரு டீச்சரம்மா இது? நம்ம ஆபீஸ்ல புதுசாச் சேந்துருக்காகளா?"

"இது கார்ட்டூன்ணே."

"ஷெரி ஷெரி. நல்லாத்தான் இருக்காக."

வாடிக்கையாளர் உறவுப் பாடத்தில் ஒரு கேள்வி வந்தது. கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படி எதிர்கொள்வீர்கள்? அ, ஆ, இ, ஈ. சரியான விடை: கண்ணை நேராகப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் பாய் எழுந்தே நின்றுவிட்டார். எல்லோருக்கும் அவர் 'பாய்'தான், உத்தமபாளையத்துக்காரர். "திராட்சையில சாம்பல் நோய் விழுந்து, கொடியெல்லாம் போயி, ஒருத்தரு வந்து நிக்கிறாரு. அவரப் பாத்து நான் சிரிக்கணுமா? மருந்து டின்னாலயே மண்டையப் பொளந்துருவாரு தங்கச்சி."

"விடை அதுதான் பாய்."

"விடைக்கென்ன, அது ஜன்னலுக்கு உள்ள இருக்கு. மண்டை என்னுதுல்ல?"

அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்தது. கரண்ட் போவதற்குக்கூட இன்னும் நேரம் இருந்தது.

திங்கள்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஒரு பட்டியல் வரும். முடித்த கிளை பச்சை, பாதியில் நிற்பது மஞ்சள், தொடங்காதது சிவப்பு. எங்கள் கிளை வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து கிடந்தது. நான் ஒவ்வொருவர் பின்னாலும் நடந்தேன். களப்பணியாளர்களைச் சின்னமனூருக்குப் போகிற வழியில் மறித்தேன். பாயிடம் கெஞ்சினேன். டிரைவர் அண்ணனிடம் மிரட்டலாகச் சொன்னேன். அவர் டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் லாகினில் நுழைந்தார், கோட்டுப் பெண்மணி "வெல்கம்" என்றதும் "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

கணக்கு எழுதும் அக்கா மட்டும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். சின்னமனூர்க்காரர். அலுவலகம் மேனேஜர் பேரில் இருந்தாலும் ஓடுவது அவர் வாயில்தான்.

"ஏ புள்ள, இதுல ஒனக்கு என்ன கெடைக்கும்? உள்ளதச் சொல்லு."

சொன்னேன். சென்னை, அப்பா, வைகாசி எல்லாம் சொன்னேன்.

"மாப்பிள எப்பிடி?"

"நல்லவர்தானாம். தோட்டத்தை விட்டு எங்கேயும் வரமாட்டாராம்."

அக்கா பேனாவை மூடி வைத்தார்.

அடுத்த திங்கள்கிழமைக்கு மறு திங்கள்கிழமை எங்கள் கிளை மஞ்சளானது. அதற்கடுத்து பச்சை தெரியத் தொடங்கியது. என்னால் நம்பவே முடியவில்லை. என் விடாமுயற்சி வென்றது என்று எண்ணிக்கொண்டேன். வயது வந்தோர் எப்படிக் கற்கிறார்கள் என்று சென்னைக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினேன். தூண்டுதல், தொடர் ஊக்கம், தாய்மொழி விளக்கம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். பயிற்சி அதிகாரி அதை மற்றக் கிளைகளுக்கும் அனுப்பிவைத்தார்.

மதிப்பெண் பக்கத்தை நான் நிதானமாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். தீ விபத்துப் பாடத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். அதுகூடப் பரவாயில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத் தப்பாக்கியிருந்தார்கள். டிரைவர் அண்ணன் தகவல் பாதுகாப்புத் தேர்வை எழுதி முடித்த நேரத்தில் அவர் வேனோடு குமுளி மலையில் இருந்தார். வழியனுப்பியது நான்.

அக்காவிடம் போய் நின்றேன். அவர் நிமிராமலேயே சொன்னார். "என்ன, கண்டுபிடிச்சிட்டியா? இம்புட்டு நாளாச்சா?"

விஷயம் எளிமையானது. எங்கள் பக்கம் களையெடுப்பும் அறுப்பும் நெருக்கும்போது ஆள் மாத்திக்கொள்வார்கள். இன்றைக்கு உன் வயலில் நான் இறங்குகிறேன், நாளைக்கு என் வயலில் நீ இறங்கு. கைவாகு உள்ளவருக்கு அந்த வேலை. மற்றவர் வேறு வேலைக்கு. அதே முறையில் இவர்கள் பாடங்களைப் பங்கு வைத்திருந்தார்கள். தீ விபத்து முழுவதும் பாயின் பொறுப்பு. அத்தனை பேர் லாகினிலும் அவரே நுழைந்து எழுதினார். வாடிக்கையாளர் உறவு களப்பணியாளர்களுக்கு. அவர்களுக்குள்ளும் முறை வைத்துக்கொண்டார்கள். நேர மேலாண்மை டிரைவர் அண்ணனுக்கு. அவர் சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வண்டி வந்ததில்லை. "அதான் அவருக்குக் கொடுத்தோம், அப்பவாவது தெரியட்டும்னு" என்றார் அக்கா.

தகவல் பாதுகாப்பு அக்காவுடையது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். அதை எழுதுவதற்காக எல்லோரும் தங்கள் கடவுச்சொல்லை அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். 'உங்கள் கடவுச்சொல்லைச் சக ஊழியர் கேட்டால் தருவீர்களா?' என்ற கேள்விக்கு எங்கள் கிளையில் ஒருவர் பாக்கியில்லாமல் 'தரமாட்டேன்' என்று சரியாக அழுத்தியிருந்தார்கள். அழுத்திய விரல் ஒன்றே.

"அக்கா, இது மோசடி."

"எவன் மோசம் போனான்? எல்லாப் பாடமும் யாராச்சும் ஒருத்தரு படிச்சிருக்கோம்ல?"

மேனேஜர் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "கண்ணுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர்னு இல்லையாம்மா? அது மாதிரிதான்." அவருடைய நான்கு பாடங்களையும் நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அவர் அதில் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

நான் ஒழுக்கம், நேர்மை என்று ஆரம்பித்தேன். பாய் குறுக்கே வந்தார். "தங்கச்சி, எம் மக ப்ளஸ்டூ ரிசல்ட்டு வந்தன்னிக்கு ராயப்பன்பட்டி, கோம்பைன்னு ஊர்ப்பட்ட சனம் கம்ப்யூட்டர் சென்டர் வாசல்ல நின்னுச்சு. நீ இங்கன உக்காந்து ஒரு நிமிசத்துல எடுத்துக் குடுத்த. மேனேஜரு மகனுக்கு காலேஜு கவுன்சிலிங் பாரம் யாரு போட்டா? அக்கா மவளுக்கு? நீ எங்க வயல்ல எறங்குன. இப்ப நாங்க ஒன் வயல்ல எறங்குறோம். அம்புட்டுதான். போ, போயி மெட்ராஸுக்கு டிக்கெட்டப் பாரு."

நான் திரும்பிப்போய் அன்றைய பில்களைப் போட ஆரம்பித்தேன்.

தீபாவளிக்கு முன்பே நூறு சதவீதம். மண்டலத்தில் முதலிடம். சென்னையிலிருந்து பாராட்டு மடல் வந்தது. மும்பையிலிருந்தும் ஒன்று, அதில் உத்தமபாளையத்தை எழுத அவர்கள் பட்ட பாடு தெரிந்தது. நான் அதை அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். "கூப்பிட்டிருக்காகளா?" என்று கேட்டார். "கூப்பிடுவாங்க" என்றேன். "கூப்பிடட்டும்" என்றார்.

கார்த்திகையில் பயிற்சி அதிகாரியே நேரில் வந்தார். என்னைக் கூப்பிடவும் வந்திருக்கலாம், கண்டுபிடித்துவிட்டும் வந்திருக்கலாம். வெள்ளைச் சட்டை, முதுகில் மடிக்கணினிப் பை, இளவயது. கிடங்கு நெடிக்கு முகம் சுளிக்காமல் இருக்க முயன்றார். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "சும்மா ஒரு கலந்துரையாடல்தான், பரீட்சை இல்ல" என்று சொல்லிவிட்டுப் பரீட்சை வைக்க ஆரம்பித்தார்.

டிரைவர் அண்ணனைப் பார்த்து, "கிடங்கில் தீப்பிடிச்சா முதல்ல என்ன செய்வீங்க?"

"பாயைக் கூப்பிடுவேன் சார்."

"அவர் இல்லைன்னா?"

"அவரு எங்க சார் போகப்போறாக? மிஞ்சிப்போனா பள்ளிவாசலுக்குப் போயிருப்பாக. அங்கன போயிக் கூப்பிடுவேன்."

அதிகாரி பாயின் பக்கம் திரும்பினார். "நீங்க உங்க நாளை எப்படித் திட்டமிடுறீங்க?"

பாய் மரியாதையாக எழுந்தார். "அது டிரைவரு பாத்துக்கிறாரு சார்."

"உங்க நாளையா?"

"எல்லாரு நாளையும் சார்."

மேனேஜர் திடீரென்று காப்பி வரவில்லையே என்று எழுந்து போய்விட்டார். அக்கா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "சார், தகவல் பாதுகாப்பு கேளுங்க சார். எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க. வேற எவருகிட்டயும் கேக்காதீக, எங்கிட்டக் கேளுங்க."

அதிகாரி கேட்கவில்லை. காப்பி வந்தது. மெதுவாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. எனக்கும் புரிந்தது: சென்னை போய்விட்டது, வைகாசி வந்துவிட்டது.

வெளியே வேன் நிழலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "மும்பைக்கு ரிப்போர்ட் போயாச்சு. உங்க கிளையை வெச்சுத்தான் அடுத்த வருஷ பட்ஜெட்டே கேட்டிருக்கோம்."

முதுகுப் பையைச் சரிசெய்துகொண்டார்.

"இதை நாம தப்பான கோணத்துல பார்க்கக் கூடாது. அறிவைப் பகிர்ந்துக்கிறது... இது ஒரு வகைக் கூட்டுக் கற்றல். இல்லையா?"

"ஆமாம் சார்" என்றேன். கூட்டுக் களையெடுப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது.

மார்கழியில் கடிதம் வந்தது. எங்கள் கிளை மண்டலத்தின் முன்மாதிரிக் கிளை. அதன் வெற்றி முழுக்க முழுக்க ஒருங்கிணைப்பாளரைச் சார்ந்தது. ஆகவே அவரை அங்கிருந்து அகற்றுவது உசிதமல்ல. மேலும், கற்கவும் கற்பிக்கவும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை என்பதே இணையவழிப் பயிற்சியின் மேன்மை. அதற்கு நானே சான்று. எனவே நான் உத்தமபாளையத்தில் இருந்தபடியே மண்டலத்துக்கு வழிகாட்டலாம். இது ஒரு புறம். மறுபுறம், வேறொரு மாவட்டத்தில் ஒரு கிளை. அங்கே ஒருவர்கூட ஒரு பாடத்தையும் தொடவில்லை. அந்த ஒருங்கிணைப்பாளருக்குத் தனிக் கவனம் தேவைப்படுவதால் அவரைச் சென்னைப் பயிற்சித் துறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் படிப்பதற்காக 'நூறு சதவீதம் அடைவது எப்படி' என்று நான் இங்கிருந்து ஒரு பாடம் தயாரித்து அனுப்ப வேண்டும்.

அதை நான் டீ நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போது குரல் உடையக் கூடாது என்று ஆங்கிலத்திலேயே வாசித்தேன். பிறகு தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா வடையைக் கீழே வைத்தார். "இரு, இரு. பாஸானவள இங்கனயே வச்சுக்கிறாக. ஃபெயிலானவன மெட்ராஸுக்குக் கூப்பிடுறாக. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அட, இத மொதல்லயே சொல்லிருந்தா நாங்க இம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்க வேணாமே. பேசாமக் கெடந்திருப்போம்ல?"

பங்குனிக்குள் முடிக்க வேண்டிய அடுத்த பாடம் ஏற்கெனவே வந்திருந்தது: பூச்சிமருந்தைப் பாதுகாப்பாகக் கையாளுதல். வருட முடிவுக் கணக்கில் சேருவதால் எல்லோரும் கட்டாயம் தேர்வு எழுத வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். தொடாமல் விட முடியாது. எழுதி, ஃபெயிலாக வேண்டும்.

"என் நூறு சதவீதம் போயிருமே அக்கா" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையில் அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

"அத வச்சு வைகாசியில பந்தலா போடப்போற?"

ஃபெயிலாவது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதலில் டிரைவர் அண்ணனை உட்காரவைத்தார்கள். அவர் திரையையே பார்க்காமல், பாயோடு பேசிக்கொண்டே கண்டபடி அழுத்தினார். முடித்ததும் திரையில் பூமழை பொழிந்து 'வாழ்த்துகள்' என்று வந்தது. பாஸ்.

அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏம்ப்பா, ஒரு வேல ஒழுங்காச் செய்யத் தெரியாதா ஒனக்கு? பாஸாகி வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? அதுவாப் பாஸ் போட்டிருச்சு."

"வண்டியும் இப்பிடித்தான் ஓட்டுறியா? பாக்காம?"

அண்ணன் அச்சாகி வந்த சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் மட்டும் காட்டினாராம்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஓர் உண்மை விளங்கியது. நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். நிச்சயமாக ஃபெயிலாக வேண்டுமென்றால் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் அதைத் தவிர்க்க முடியும்.

"பாய் படிச்சு எல்லாருக்கும் தப்பா எழுதிரட்டும்" என்றார் களப்பணியாளர் ஒருவர்.

அக்கா மறுத்துவிட்டார். "எல்லாரும் ஒரே மாதிரித் தப்பு விட்டா அந்த வெள்ளச்சட்டைக்காரரு கண்டுபிடிச்சிருவாரு. போன தடவ இந்தப் புள்ளயே கண்டுபிடிச்சிருச்சு. ஆளாளுக்குத் தனித்தனியாத் தப்பு விடணும். அதனால ஆளாளுக்குப் படிங்க."

நான் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத ஒன்று அந்தத் தை, மாசியில் நடந்தது. உத்தமபாளையம் கிளை படித்தது. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துக் காலையிலேயே வந்தார்கள். கணினி முன்னால் முறை போட்டுக்கொண்டார்கள். கோட்டுப் பெண்மணி பேசி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகவில்லை. புரியாத இடத்தில் என்னை நிறுத்தி அர்த்தம் கேட்டார்கள். களப்பணியாளர்கள் தங்களுக்குள் சண்டையே போட்டார்கள்.

"ஏலே, 'ஆ' போடாத. 'ஆ' தான் சரி."

"யாரு சொன்னா? மருந்து மேல பட்டா மொதல்ல தண்ணிய ஊத்திக் கழுவணும்னு அந்தம்மா சொல்லல? அப்ப 'இ' தான் சரி. நான் 'ஆ' போடுறேன்."

"கண்ணுல பட்டாதாண்டா அது. நல்லாக் கேளு, இன்னொருக்கா போடு."

இன்னொருக்கா போட்டுக் கேட்டார்கள். மேனேஜர்கூட வந்து பின்னால் நின்றார். ஒரு நாள் பாய் திடீரென்று எழுந்து கிடங்குக்குள் போனார். மேல்தட்டில் இருந்த கனமான டின்களையெல்லாம் இறக்கிக் கீழே அடுக்கினார். ஏன் என்று கேட்டேன்.

"பாடத்துல சொன்னாகல்ல? ஒழுகுனா தலையில ஊத்திரும்ல."

"நீங்க ஃபெயிலாகத்தானே பாய் படிக்கிறீங்க?"

"பரீட்சையில ஃபெயிலாகணும் தங்கச்சி. தலையிலயுமா?"

கையுறை வாங்கச் சொல்லி மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கினார். வாய்க்கவசம் போட்டுக்கொண்டுதான் டின் திறந்தார்.

பங்குனியில் ஒவ்வொருவராகத் தேர்வு எழுதினார்கள். ஒவ்வொருவரும் தனக்கென்று தேர்ந்தெடுத்த இடத்தில் தப்பு விட்டார்கள். பாய் மட்டும் ஒரு கேள்வியில் வெகுநேரம் நின்றார். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் மருந்தை வைக்கலாமா என்ற கேள்வி. 'வைக்கலாம்' என்று அழுத்த அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் அதைச் சரியாகப் போட்டுவிட்டு, அதற்கு ஈடாக வேறு இரண்டில் தப்பு விட்டார். டிரைவர் அண்ணனைத் தவிரக் கிளை முழுக்க ஃபெயில். முன்மாதிரிக் கிளை ஒரே வாரத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது.

அதிகாரியிடமிருந்து போன் வந்தது. "என்னங்க ஆச்சு? டிரைவர் ஒருத்தர்தான் பாஸ். மத்தவங்க எல்லாரும்? மேனேஜர் உள்பட?"

"தெரியல சார். ஆளாளுக்குத் தனியாத்தான் படிச்சாங்க. இந்தத் தடவை கூட்டுக் கற்றல் எதுவும் நடக்கல."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க உடனே சென்னைக்கு வாங்க. உங்களுக்குத் தனிக் கவனம் தேவைப்படுது" என்றார்.

அன்று மாலையே அது மின்னஞ்சலாகவும் வந்தது. அதை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் 'உடனடியாக', 'சென்னை' இரண்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அவசரமாக் கூப்பிட்டிருக்காக. இவ இல்லாம அங்கன ஒண்ணும் ஓடலயாம்." கம்பத்துக்கு, வைகாசி தோதுப்படாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவர்களுக்கும் தோட்டத்தில் வேலை நெருக்கிக்கொண்டிருந்ததாம், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னையில் என்னை ஒரு குளிரூட்டிய அறைக்குக் கூட்டிப்போனார்கள். வரிசையாகக் கணினிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பின்தங்கிய கிளையின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். தனிக் கவனம் என்பது ஆன்லைனில்தான் தரப்பட்டது. ஊரில் உட்கார்ந்து பார்த்ததை இங்கே கரண்ட் போகாமல் பார்க்கலாம், அதுதான் வித்தியாசம். பக்கத்து இருக்கைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஒருவர்கூடப் பாடத்தைத் தொடாத அந்தக் கிளையின் ஆள். நான் தயாரித்து அனுப்பிய பாடம் அவர் திரையில் திறந்து கிடந்தது, முதல் பக்கத்திலேயே.

"இன்னும் முடிக்கலயா?" என்று கேட்டேன்.

"முடிச்சா திருப்பி ஊருக்கு அனுப்பிருவாங்களே" என்றார், நான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்டதைப்போல.

நான் இருக்கையைச் சரிசெய்து உட்கார்ந்தேன். என் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவசரமில்லை.

அந்த வாரக் கடைசியில் அக்கா போன் செய்தார். பின்னால் பாயின் குரலும் யாரோ டின் உருட்டுகிற சத்தமும் கேட்டது.

"ஏ புள்ள, சாப்பாடெல்லாம் எப்பிடி? அறை கெடச்சிருச்சா? சரி, அத விடு. அடுத்த பாடம் வந்துருச்சு. பாஸாகணுமா, ஃபெயிலாகணுமா? அங்கன நெலவரத்தப் பாத்துச் சொல்லு. நாங்க ரெண்டுக்கும் படிச்சு வச்சிருக்கோம்."